காசநோய்க் கண்காணிப்பு: பெங்களூர் ஆராய்ச்சி கற்பித்த பாடம்

ஒரு நாட்டில் ஒரு நோய் எத்தனை பேரைப் பற்றியிருக்கிறது, எவரைப் பற்றியிருக்கிறது, ஆண்டுக்காண்டு கூடுகிறதா குறைகிறதா என்பவற்றை அறியாமல் அந்நோயை ஒழிக்கத் திட்டமிடுவது, குளத்தின் ஆழம் அறியாமல் கரை கட்டப் புகுவதை ஒக்கும். நோயை இடைவிடாது அளந்து, அளந்ததைத் தொகுத்து, தொகுத்ததன்படி செயலாற்றும் ஏற்பாட்டையே சுகாதார இயலார் நோய்க் கண்காணிப்பு என்கின்றனர். இவ்வேற்பாடு ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தொடங்குமிடம் வேறு.

பெங்களூர் நகரின் கிழக்கே உள்ள அல்சூரை எடுத்துக்கொள்வோம். ஏரியும் சோமேசுவரர் கோயிலும் கடைவீதியும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கே கூலி வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று வாரங்களாக இருமல் நிற்கவில்லை என்று கொள்வோம். முதலில் வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். பிறகு மருந்துக் கடையில் ஒரு புட்டி இருமல் மருந்து வாங்குகிறார். அதற்கும் அடங்காதபோது ஒரு மருத்துவரை நாடுகிறார். அம்மருத்துவர் அவருடைய சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அவர் ஒரு நோயாளியாக அறியப்படுவார். தேசத்தின் கணக்கில் ஓர் எண்ணாகவும் சேர்வார். அனுப்பாமல் மற்றுமொரு புட்டி மருந்து எழுதிக் கொடுத்தால், அவரும் கணக்கில் வாரார்; அவரிடமிருந்து நோய் தொற்றப்போகும் அவர் வீட்டுக் குழந்தைகளும் கணக்கில் வாரார். கண்காணிப்பு வலையின் முதல் கண்ணி இந்தச் சந்திப்பிலேயே பின்னப்படுகிறது, அல்லது அறுந்துபோகிறது.

இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றலாம். ஆனால் அதை ஊகமாக அன்றி ஆதாரத்துடன் உலகுக்கு நிலைநாட்டியது அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெல்லாரி சாலையில் உள்ள தேசியக் காசநோய் நிறுவனத்தின் ஆராய்ச்சியாகும். மத்திய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் கூடி நடத்திய அப்பணியின் வரலாறு, பிறநாட்டு ஒத்துழைப்பால் நாம் பெறத்தக்கது எது, நாமே செய்துகொள்ள வேண்டியது எது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க ஆண்டுகள்

காசநோய் அல்லது க்ஷயரோகம் என்பது பரம்பரை நோயுமன்று, பாவத்தின் பலனுமன்று. ஒருவகை நுண்கிருமியால் வருவது. இதனை 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் அறிவித்தார். நுரையீரலில் நோய் கண்டவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து பிறருடைய சுவாசத்தில் கலக்கின்றன. தொற்று ஏற்பட்ட அனைவரும் நோயாளிகளாவதில்லை. பெரும்பாலோரின் உடல் கிருமியை அடக்கி வைத்துக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து நோய் தோன்றுகிறது. தொற்று வேறு, நோய் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் பின்வரும் அளவுகளின் பொருள் விளங்கும்.

சுதந்திரம் பெற்ற காலத்தில் நம் நாட்டில் காசநோயை எதிர்க்கக் கையிலிருந்த சாதனங்கள் மிகச் சில. ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் போன்ற சானடோரியங்கள் சில இருந்தன. அவற்றின் படுக்கைகளோ நோயாளிகளின் தொகையோடு ஒப்பிடத்தக்கனவாக இல்லை. 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் தடுப்பூசிப் பணி சோதனை முறையில் தொடங்கி, 1951 முதல் பெரும் இயக்கமாக விரிந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்த டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹால்ப்டான் மாலர் ஏறக்குறைய பத்தாண்டுகள் இங்கே பணியாற்றினார். பிற்காலத்தில், 1973 முதல் 1988 வரை, அந்த ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநராக விளங்கியவர் இவரே.

இவ்வியக்கம் எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. 1955-இல் ராஜாஜி பி.சி.ஜி. தடுப்பூசியை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அவருடைய வாதங்களை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறமிருக்க, களப்பணியாளர் அதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. பிறநாட்டு நிபுணரும் அரசாங்கமும் உடன்பட்டுவிட்டதனால் மட்டும் மக்கள் உடன்பட்டதாகாது. எதைச் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று மக்களிடம் விளக்கும் பொறுப்பு எந்தச் சர்வதேச உடன்படிக்கையாலும் தீர்ந்துபோவதில்லை.

நோய் எவ்வளவு என்னும் கேள்விக்கு முதன்முதலாக முறையான விடை தந்தது 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பாகும். நாட்டின் ஆறு மண்டலங்களில் நகரங்களும் கிராமங்களும் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, மக்களுக்கு எக்ஸ்-ரே படமும், ஐயத்துக்குரியோருக்குச் சளிப் பரிசோதனையும் செய்யப்பட்டன. ஆயிரம் பேரில் 2 முதல் 8 பேர் வரை சளியில் கிருமி உடையவராகக் காணப்பட்டனர். காசநோய் நகரத்து நெரிசலில் விளைவது, கிராமம் அதற்குத் தப்பியது என்று அதுவரை நிலவிய நம்பிக்கை இதனால் தகர்ந்தது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பெரும்பாலான மக்கள் கிராமங்களில் வாழ்ந்த நாட்டில் பெரும்பாலான நோயாளிகளும் கிராமங்களிலேயே இருந்தனர். மருத்துவரும் கருவிகளும் நகரங்களில் இருந்தனர்.

சென்னை தந்த விடை

இத்தனை நோயாளிகளுக்கும் படுக்கை தர இயலாதெனின் வேறு வழி என்ன? இதற்கு விடை காணவே 1956-இல் சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் இதில் பங்குகொண்டன. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர்; மற்றப் பிரிவினர் தம் நெருக்கமான வீடுகளிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன.

1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. சானடோரியத்தில் 92 சதவிகிதத்தினருக்கும், வீட்டில் 86 சதவிகிதத்தினருக்கும் நோய் அடங்கியது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தொடர் ஆய்வில் புலனாயிற்று. குணப்படுத்தியது மலைக்காற்றன்று, மருந்தே. அம்மருந்தை எந்தக் குடிசையிலும் கொடுக்கலாம் என்பது உறுதியாயிற்று. வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்பது தெளிந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. வீடுகளில் மறைந்திருக்கும் நோயாளிகளைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

பெங்களூர் எழுப்பிய கேள்வி

இக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு, 1959-இல் பெங்களூரில் அமைக்கப்பெற்ற தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்தது. கட்டடமும் ஊழியரும் செலவும் இந்திய அரசாங்கத்துடையவை. நிபுணர்களை உலக சுகாதார ஸ்தாபனமும், எக்ஸ்-ரே கருவி, நுண்ணோக்கி, வாகனம் முதலியவற்றைக் குழந்தைகள் நிதியும் அளித்தன. மருத்துவர், கிருமியியலார், புள்ளிவிவர நிபுணர், சமூகவியலார் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு நோயை ஆராய்ந்தது அக்காலத்தில் புதுமை.

மேலைநாடுகளில் அந்நாளில் பின்பற்றப்பட்ட முறை எக்ஸ்-ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பி அனைவரையும் படம் பிடிப்பதாகும். இதற்குப் பெரும் பொருட்செலவும் நல்ல சாலைகளும் மின்சாரமும் பயிற்சி பெற்ற ஊழியரும் தேவை. நம் நாட்டு மக்கள் அறியாமையினால் நோயை உணரமாட்டார்கள், உணர்ந்தாலும் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், ஆகவே நாமே தேடிச் செல்லவேண்டும் என்னும் எண்ணமும் பரவலாக இருந்தது. அதனை எவரும் அதுவரை சோதித்துப் பார்க்கவில்லை.

அச்சோதனையைச் செய்தவர்கள் இந்நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும், உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஸ்டிக் ஆண்டர்சனும் ஆவர். பெங்களூருக்கு அடுத்த தும்கூர் மாவட்டத்தில் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பில் நோயாளிகள் எனக் கண்டறியப்பட்டவர்களை அணுகி, அவர்களுடைய உடல்நிலை பற்றியும் அவர்கள் மேற்கொண்ட நடவடிக்கை பற்றியும் விசாரித்தனர். ஒப்பிடுவதற்காக நோயற்றோரையும் விசாரித்தனர். முடிவுகள் 1963-இல் வெளியாயின. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ உடற்குறை இருப்பதை உணர்ந்திருந்தனர். பலர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தின் வாசலை மிதித்திருந்தனர். வந்தவர்களிற் பலருக்குக் கிடைத்ததோ ஒரு புட்டி இருமல் மருந்துதான்.

இம்முடிவின் பொருளைச் சற்றே சிந்திக்கவேண்டும். குறை, வாராத மக்களிடம் மட்டும் இல்லை. வந்தவரைக் கேளாத நிலையங்களிடமும் இருந்தது. எவரைத் தேடி வண்டிகளை ஊர்தோறும் அனுப்பலாமெனக் கருதினார்களோ, அவர்களிற் பாதிப்பேர் தாமாகவே நடந்து வந்து வரிசையில் நின்று திரும்பிப் போயிருந்தனர். ஆகவே முதலிற் செய்யவேண்டியது, இருக்கின்ற ஒவ்வொரு மருத்துவ நிலையத்திலும் இருமலோடு வருபவரை விசாரித்துச் சளியைப் பரிசோதிப்பதே என்பது விளங்கிற்று.

சளிப் பரிசோதனை எளியது. சளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிதாகப் பூசி, சிவப்புச் சாயத்தில் சூடேற்றி, அமிலத்தாற் கழுவி, நீலச் சாயம் இடுவார்கள். மற்றவை யாவும் சிவப்பை இழந்து நீலமாக, காசநோய்க் கிருமி மட்டும் அமிலத்துக்குச் சாயத்தை விட்டுக்கொடாமல் சிவந்த கோல்போல நுண்ணோக்கியில் தென்படும். இம்முறையில் கிருமி மிகுதியாக உள்ளவரே அகப்படுவர் என்பது குறை. ஆனால் அவர்களே பிறருக்கு மிகுதியாக நோயைப் பரப்புபவர்கள். ஆகையால் அவர்களை முதலிற் கண்டுபிடிப்பதே பயன் மிகுந்தது.

மாவட்டம் ஓர் அலகு

இக்கண்டுபிடிப்புகளை அடித்தளமாகக் கொண்டு 1962-இல் மாவட்டக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் இம்முறை முதலிற் சோதிக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரில் ஒரு காசநோய் மையம். அதன்கீழ் மாவட்டமெங்கும் உள்ள பொது மருத்துவ நிலையங்கள். சில நிலையங்கள் சளியைத் தாமே நுண்ணோக்கியில் பார்க்கும். சிலவற்றில் எக்ஸ்-ரே வசதியும் உண்டு. மற்றவை நோயாளியை அல்லது சளியை அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மருந்து வாங்க வாராதவரைத் தேடிச் செல்ல ஓர் ஏற்பாடு. மாதந்தோறும் மாவட்ட மையத்துக்கு ஓர் அறிக்கை. காசநோய்க்கென்று தனிச் சேனையொன்றை ஊர்தோறும் நிறுத்தாமல், பொதுச் சுகாதாரப் பணியோடு இது இணைக்கப்பட்டது. மாவட்ட மையங்களில் பணியாற்றும் மருத்துவ அதிகாரி, சிகிச்சை அமைப்பாளர், ஆய்வுக்கூட ஊழியர், எக்ஸ்-ரே ஊழியர், புள்ளிவிவர உதவியாளர் ஆகியோர் குழுக்குழுவாகப் பெங்களூரில் பயிற்சி பெற்றுத் திரும்பினர்.

இங்கே ஒத்துழைப்பின் இயல்பைக் கவனிக்கலாம். நுண்ணோக்கியும் புள்ளிவிவர முறையும் வெளிநாட்டிலிருந்து வந்தன. ஆனால் கேள்வி தும்கூர்க் கிராமங்களில் எழுந்தது. விடையும் அங்கேயே கிடைத்தது. அவ்விடை பின்னர் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாயிலாகப் பிற நாடுகளுக்கும் சென்றது.

ஐந்தாண்டு ஆய்வும் ஓர் அறக்கேள்வியும்

1961 முதல் 1968 வரை இந்நிறுவனம் பெங்களூர் மாவட்டத்தின் 119 கிராமங்களில் ஒரே மக்களை நான்கு முறை கணக்கெடுத்தது. ஒருமுறை எடுக்கும் கணக்கு, ஓடும் ஆற்றை ஒரு கணம் படம் பிடித்ததற்குச் சமம். மீண்டும் மீண்டும் எடுத்தாலன்றி நீரோட்டத்தின் வேகம் தெரியாது. ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் எத்தனை பேர், பழைய நோயாளிகள் என்ன ஆகின்றனர் என்பவை இவ்வாய்வினாலேயே வெளிப்பட்டன. காசநோய்த் திட்டம் எதுவும் அப்பகுதியில் ஒழுங்காக இயங்காத அந்நிலையில், சளியில் கிருமி காணப்பட்டோருள் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்தாண்டுகளில் இறந்தனர். மூன்றிலொரு பங்கினர் தாமாகவே நலமுற்றனர். எஞ்சியோர், ஐந்திலொரு பங்குக்குச் சற்றே குறைவானோர், கிருமியைப் பரப்பியவாறே உயிர் வாழ்ந்தனர். 1974-இல் வெளியான இவ்வளவுகள் இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன.

இவ்வெண்களைப் படிக்கும் ஆசிரியர்கள் இவற்றின் பின்னே இருந்த மனிதரையும் நினைவுகூர வேண்டும். நோயாளியைக் கண்டபின் அவர் நிலை என்ன ஆகிறது என்று கணக்கெடுப்பது மட்டுமே போதுமா என்னும் வினா எழாமல் இராது. இன்று அதற்கு ஐயமற்ற விடை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு அறநெறிகளை வகுத்து, பின்னர்ப் பலமுறை திருத்தி, 2017-இல் விரிவாக வெளியிட்டது. நோயாளி எனத் தெரிந்தவருக்குச் சிகிச்சைக்கு வழிசெய்வது இன்று ஆராய்ச்சியின் ஓர் அங்கம். கண்காணிப்பு என்பது கண்டு நிற்பதன்று.

குழந்தைகள் வாயிலாக அளத்தல்

வகுப்பறையில் விளக்கத்தக்க ஓர் அளவுமுறையை இங்கே குறிப்பிடலாம். டியூபர்குலின் என்னும் பொருளைத் தோலில் சிறிதளவு செலுத்தினால், ஏற்கெனவே கிருமித் தொற்று உடையவருக்கு மூன்று நாட்களுக்குள் அவ்விடம் தடிக்கும். ஏழு வயதுக் குழந்தைகள் நூறு பேரில் பத்துப் பேருக்குத் தொற்று இருப்பதாகக் கண்டால், ஏழாண்டுகளில் தொண்ணூறு பேர் தப்பினர் என்பது பொருள். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு எத்தனை பேர் தப்பினால் ஏழாண்டு முடிவில் தொண்ணூறு எஞ்சும்? கணக்கிட்டால் ஏறத்தாழ 98.5 என வரும். அதாவது ஆண்டுத் தொற்று அபாயம் 1.5 சதவிகிதம். சிறு குழந்தைக்குத் தொற்று அண்மையில்தான் ஏற்பட்டிருக்க முடியுமாதலின், இவ்வளவு அண்மைக் காலத்தில் அவ்வூரில் நோய் எவ்வளவு பரவிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டும் கண்ணாடியாகும். 2000 முதல் 2003 வரை நாடு தழுவி எடுக்கப்பட்ட கணக்கில் சராசரி அபாயம் இதே 1.5 சதவிகிதமாகக் காணப்பட்டது.

விரும்பாத விடை

சர்வதேச ஆராய்ச்சியின் நேர்மைக்கு உரைகல் ஒன்றுண்டு: எதிர்பாராத விடை வந்தாலும் அதை வெளியிடுவது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அளக்கப் பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை ஆகியவை இதில் கூட்டாளிகள். 1979-இல் வெளியான முதல் அறிக்கை, பெரியவர்களிடம் காணும் நுரையீரற் காசநோயை அத்தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை என்று கூறிற்று. இரண்டு தலைமுறைகளாகக் கொண்டிருந்த நம்பிக்கைக்கு இது பேரிடி. ஆயினும் முடிவு மறைக்கப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதற்காகப் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது; பெரியவர்களிடம் பரவும் நோயைத் தடுப்பூசியால் மட்டும் ஒழிக்கலாம் என்னும் எண்ணம் கைவிடப்பட்டது. அதனால் நோயாளியை விரைவிற் கண்டு குணப்படுத்துவதன் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது.

வலை தளர்ந்த காலம்

திட்டம் நன்றாக வகுக்கப்பட்டிருந்தும் பலன் எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1992-இல் இந்திய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சுவீடன் நாட்டு வளர்ச்சி உதவி நிறுவனமும் சேர்ந்து தேசியத் திட்டத்தை மறுபரிசீலனை செய்தன. சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் பாதிக்கும் குறைவானவர்களே அதனை முடித்தனர் என்பது தெரியவந்தது. நிதி போதவில்லை, மருந்து அடிக்கடி தீர்ந்துபோயிற்று, சளியைப் பார்ப்பதை விடுத்து எக்ஸ்-ரே படத்தையே நம்பும் பழக்கம் மிகுந்திருந்தது, கண்டுபிடித்தோர் தொகைக்குக் கொடுத்த கவனம் குணமடைந்தோர் தொகைக்குக் கொடுக்கப்படவில்லை.

1963-இன் ஆய்வு, நோயாளி வாசல் வரை வருகிறார் என்று காட்டியது. வாசலுக்கு வந்தவருக்கு மருந்து இல்லையென்றால் அவர் மறுமுறை வாரார்; அவர் சொல்லக் கேட்ட அண்டை வீட்டாரும் வாரார். நோயாளிகளை எண்ணி வைத்துக் குணப்படுத்தாத வலை, நாளடைவில் எண்ணும் ஆற்றலையும் இழக்கும். இம்மறுபரிசீலனையின் விளைவாக 1993-இல் திருத்தியமைத்த திட்டம் சோதனை முறையில் தொடங்கி, 1997 முதல் விரிந்து, 2006-இல் நாடு முழுவதையும் தழுவியது.

இன்றைய நிலை

2012 மே மாதம் 7-ஆம் நாள் மத்திய அரசாங்கம் காசநோயைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோயாக ஆக்கிற்று. அல்சூரில் சொந்த மருத்துவமனை நடத்தும் மருத்துவரும், தாம் கண்ட ஒவ்வொரு காசநோயாளியைப் பற்றியும் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதே ஆண்டு நிக்ஷய் என்னும் கணினிப் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. சளியில் கிருமியின் மரபணுவையே தேடிக் கண்டு, மருந்துக்கு அடங்காத வகையா என்பதையும் சில மணி நேரத்திற் கூறும் கருவிகள் இப்போது மாவட்டங்களில் இயங்குகின்றன. அவற்றுள் ட்ரூநாட் என்பது பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவானது. 2020-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஒரு காலத்தில் கருவிகளைப் பெற்றுக்கொண்ட நகரம் இன்று கருவியை உலகுக்கு வழங்குகிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் மீண்டும் ஒரு கணக்கெடுப்பு நடைபெற்றது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் இலட்சத்துக்கு 316 பேருக்குக் கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரற் காசநோய் இருப்பதாக அதில் கண்டனர். காசநோய்க்குரிய அறிகுறி உடையோரில் ஏறத்தாழ 64 சதவிகிதத்தினர் எந்த மருத்துவ உதவியையும் நாடவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் அறிகுறியைப் பொருட்படுத்தவே இல்லை. மேலும், எக்ஸ்-ரே எடுக்காமல் அறிகுறியை மட்டுமே கேட்டிருந்தால் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பியிருப்பர்.

இதனை 1963-இன் முடிவோடு அப்படியே ஒப்பிடுதல் தவறு. அன்று விசாரிக்கப்பட்டவர்கள் நோயாளிகள் என உறுதியானவர்கள். இன்றைய 64 சதவிகிதம் அறிகுறி உடைய அனைவரையும் பற்றியது. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடமை இரண்டென்பது புலப்படும். வந்தவரைக் கேட்டு அறிதல் ஒன்று. வாராதவரை, அதிலும் இருமலே இல்லாதவரை, எக்ஸ்-ரே கொண்டு தேடிச் செல்லுதல் மற்றொன்று. முன்னதைச் சரிவரச் செய்யாத இடத்தில் பின்னதை மட்டும் செய்வதால் பயன் நிலைக்காது.

பணியாளரும் ஆசிரியரும்

களப்பணியாளர் எழுதும் பதிவேட்டின் ஒரு வரியே மாவட்டத்தின் எண்ணாகிறது; மாவட்டத்தின் எண்ணே தேசத்தின் எண்ணாகிறது. அடியில் எழுதப்படாத ஒன்றை மேலேயுள்ள எந்தக் கணினியும் எந்த நிபுணரும் பின்னர்ச் சேர்க்க இயலாது. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது காணினும் சளிப் பரிசோதனைக்கு வழிகாட்டுதல் வேண்டும். நோயாளியின் பெயரைக் காப்பதும், அவர் வீட்டிலுள்ள சிறு குழந்தைகளைப் பரிசோதிக்கச் செய்வதும், மருந்து முடியும் வரை தொடர்பை விடாதிருப்பதும் பதிவைப் போலவே முக்கியமானவை. அரசாங்கம் மருந்தை இலவசமாக வழங்குகிறது. 2018 முதல் ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அளித்து வருகிறது. இதனை நோயாளிக்கு எடுத்துச் சொல்லுவதும் பணியாளர் கடமையே.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது இதனினும் குறைந்ததன்று. நோயைக் குறித்த நாணம் நீங்காத வீட்டில் இருமல் மறைக்கப்படும். இந்நோய் கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது, ஒழுங்காக மருந்துண்பவர் விரைவில் பிறருக்குத் தொற்றாதவராகிறார் என்னும் மூன்று செய்திகளை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், மருத்துவ நிலையத்தின் வாசலுக்கு வருவோர் தொகை கூடும்.

பிறநாட்டுக் கூட்டுறவு நமக்குக் கருவி தந்தது, முறை தந்தது, நல்ல தோழர்களையும் தந்தது, வருங்காலத்திலும் தரும். ஆனால் இருமிக்கொண்டு வந்து நிற்பவரை, “எத்தனை நாளாக?” என்று கேட்பது நம் வேலை. அக்கேள்வி கேட்கப்படும் இடமெல்லாம் வலை உறுதிப்படுகிறது. கேட்கப்படாத இடமெல்லாம் அது அறுந்தே கிடக்கிறது.